பச்சை வட்டத்துக்கு வெளியே

என் மனைவி கேத்தரின் வைத்த சாம்பாரைப் போட்டோ எடுக்கப்போய், போனைச் சாம்பாருக்குள்ளேயே போட்டவன் நான்தான். கடைக்காரர் அதைக் காயவைத்துக்கொண்டிருந்த நாட்களில், உறையூரிலிருந்து வந்திருந்த கொழுந்தியா பிரான்சியின் போனில் கிரிக்கெட் ஸ்கோர் பார்த்தேன். விரல் தவறி இன்ஸ்டாகிராம் திறந்துகொண்டது. கேத்தரின் படத்தைச் சுற்றிப் பச்சையாக ஒரு வட்டம்.

"இதென்ன பிரான்சி, பச்சையா?"

"க்ளோஸ் ஃப்ரண்ட்ஸ் ஸ்டோரி, அத்தான். அக்கா சேத்தவங்க மட்டுந்தான் பாக்கலாம்," என்று போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

நான் ஸ்ரீரங்கத்தில் ஒரு பள்ளியில் ஆங்கில வாத்தியார். ஸ்டோரி என்றால் எனக்கு நரியும் திராட்சையும். கடைசியில் நீதி இருக்கும். இப்போது அது மறுநாளே காணாமல் போகிற பண்டம். ஒரு பெண்ணை ஃபாலோ பண்ணினால் எங்கள் காலத்தில் அவளுடைய அண்ணன் வருவான். இப்போது பண்ணாவிட்டால்தான் கோபம். இதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். ஆனால் இத்தனை வருடம் ஒரே ஸ்கூட்டரில் போகிறவளுக்கு நான் க்ளோஸும் இல்லை, ஃப்ரண்டும் இல்லையா? விசாரித்தால், அவளுக்கு எப்போதோ பஸ்ஸில் பழக்கமான பிரேமலதா அதில் இருக்கிறார். கேஸ் சிலிண்டர் கொண்டுவரும் உஸாமாகூட இருக்கிறான்.

சாப்பிடும்போது மெதுவாகக் கேட்டேன். "கேத்து, நான் உனக்கு யாரு?"

"ஏங்க, ஸ்கூல்ல எதாவது பிரச்சனையா?"

நட்பை நிரூபித்துவிடுவது என்று இறங்கினேன். போன் உயிர்பெற்றதும், அவள் இதுவரை போட்ட எல்லாப் படத்துக்கும் ஒரே மூச்சில் இதயம் குத்தி, ஒவ்வொன்றின் கீழும் 'மை டியர் ஃப்ரண்ட்' என்று எழுதினேன். யாரோ திருடன் என் கணக்குக்குள் புகுந்துவிட்டான் என்று பயந்து, கேத்தரின் என்னை ப்ளாக் செய்துவிட்டாள். அவருக்கு இவ்வளவு பாசமெல்லாம் காட்டத் தெரியாது என்று தங்கையிடம் விளக்கமும் சொன்னாளாம்.

வாசலில் நின்றவன் இப்போது தெருவுக்கே வந்துவிட்டேன். ஞாயிறு பூசை முடிந்ததும், சர்ச் வாசலில் பிரான்சியை மடக்கினேன். அவள் வெயிலைப் பற்றிப் பேசினாள், பிள்ளைகளின் பரீட்சையைப் பற்றிப் பேசினாள். நான் விடவில்லை.

"நேராச் சொல்லு. உங்க அக்கா ஏன் என்னைச் சேக்கல?"

அவள் அக்கா தூரத்தில் இருப்பதை உறுதிசெய்துகொண்டு சொன்னாள்.

"உங்களைச் சேத்துட்டா, அப்புறம் அதுல என்னத்தப் போடுறது அத்தான்? நீங்க தோசையக் கருக்குறது, பேப்பர் திருத்திக்கிட்டே தூங்குறது, குளிக்கிறப்போ பாடுறதுன்னு அது முழுக்க நீங்கதான். ஒரு நாள் உங்க வீடியோ வரலன்னா, 'சாருக்கு ஒடம்பு சரியில்லையா'ன்னு அக்காவுக்குப் போன் மேல போன்."