நாற்பத்தைந்தில் சுழல வேண்டியது

அன்பும் மரியாதையும் மிக்க சம்பந்தி நாச்சிமுத்து அவர்களுக்கு,

டெக்சாஸ் மாநிலம் ஃபிரிஸ்கோவிலிருந்து கிட்டுசாமி கைகூப்பி எழுதுவது. இங்கு நானும் புஷ்பவல்லியும் தங்கள் மருமகள் சண்முகப்ரியாவும் மாப்பிள்ளை சபரியும் நலம். தாராபுரத்தில் தாங்களும் சம்பந்தியம்மாள் வசந்தாமணியும் நலமாக இருப்பீர்கள், தங்கள் சர்க்கரையும் ஒரு கட்டுக்குள் இருக்கும் என்று நம்புகிறேன். ப்ரியாவுக்கு ஏழாம் மாதம் நடக்கிறது. கால் சற்று வீங்குகிறது, பயப்பட ஒன்றுமில்லை என்கிறார் டாக்டரம்மா. ஃபோனில் பேசாமல் கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். இந்த ஊரில் வீட்டுச் சுவரெல்லாம் அட்டை. மாடியில் தும்மினால் கீழேயிருந்து ‘ப்ளெஸ் யூ’ வருகிறது. நான் எழுதப்போவது மாப்பிள்ளை காதில் விழக்கூடாத விஷயம்.

கோயம்புத்தூர் ஏர்போர்ட்டில் தாங்கள் என்னைத் தனியே அழைத்துப் போய் ஒரு பொறுப்பை ஒப்படைத்தீர்கள். “எம்பட பேச்சை அவன் கேக்கமாட்டானுங்க. நீங்க சொன்னா கேப்பான். குழந்தை வாரதுக்குள்ள அந்தத் தட்டுகளை எல்லாம் அந்த ரூமை விட்டுக் கிளப்பீடுங்க” என்றீர்கள். நானும் தலையாட்டிவிட்டு வந்தேன். வந்து பார்த்தால் மாடியில் ஒரு முழு அறை, தரையிலிருந்து கூரை வரை இசைத்தட்டு. மின்வாரியத்தில் நான் சர்வீஸ் முழுக்கப் பார்த்த கோப்புகளைவிட அதிகம். ஒரு நாள் காபி குடிக்கும்போது மெல்ல ஆரம்பித்தேன். மாப்பிள்ளை கோபப்படவில்லை. “இந்த ரிலீஸ் மட்டும் வந்துரட்டும் மாமா, அப்புறம் பேசலாம்” என்றார். சிகாகோவில் கார்னெல் டாபின்ஸ் என்று ஒரு பெரியவராம், ஹவுஸ் மியூசிக்கில் வெட்டரனாம். ரொம்ப வருஷம் வாயைத் திறக்காமல் இருந்துவிட்டு இப்போது ஒரே சமயத்தில் இரண்டு புது வினைல் தட்டு கொண்டுவருகிறாராம். வெட்டரன் என்றதும் பட்டாளத்தில் இருந்தவர் என்று நினைத்து எனக்கு ஒரு மரியாதை வந்துவிட்டது. “ஹவுஸ் மியூசிக்னா புதுமனை புகுவிழாவுக்குப் போடறதுங்களா மாப்ள?” என்று கேட்டேன். அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, சிகாகோவில் வேர்ஹவுஸ் என்ற கிளப்பில் போட்ட பாட்டுகளுக்கு அந்தப் பெயரின் பின்பாதி ஒட்டிக்கொண்டது என்றார். கிடங்குப் பாட்டு. பட்டாளமும் இல்லை, பூஜையும் இல்லை. தாங்கள் சொன்னதில் நியாயம் இருக்கிறது என்று அப்போது முடிவு கட்டினேன்.

இரண்டு தட்டும் வந்து சேர்ந்த அன்று மாப்பிள்ளை ஆபீஸ் போயிருந்தார், ப்ரியா தூங்கிக்கொண்டிருந்தாள். ஒரு சாமானை வீட்டைவிட்டு வெளியேற்றுவதற்கு முன் அது என்னவென்று கேட்டுப் பார்ப்பதுதான் முறை என்று எனக்குப் பட்டது. ஒன்றின் மேலிருந்த பிளாஸ்டிக் உறையைக் கிழித்தேன். மாப்பிள்ளை செய்வதைப் பார்த்திருந்ததால் தட்டை வைத்து, ஒரு பொத்தானை அமுக்கி, முள்ளை இறக்கினேன். சம்பந்தி, சப்-ஸ்டேஷனில் பெரிய டிரான்ஸ்ஃபார்மருக்குப் பக்கத்தில் நின்றால் ஒரு ரீங்காரம் காதுக்கு வராமல் நேரே நெஞ்சுக்கூட்டுக்குள் கேட்குமே, அந்த மாதிரி ஒன்று கிளம்பியது. அதன்மேல் ஒரு முரசு, அவசரமே இல்லாமல், பெரிய மிருகம் ஒன்று நடந்து வருவதுபோல. அப்புறம் ஒரு ஆண் குரல். கிணற்றுக்கு அடியிலிருந்து எழும்பும் குரல். ‘கதவைச் சாத்தாதே, வந்துகொண்டிருக்கிறேன்’ என்ற ஒரே வரியைத்தான் திரும்பத் திரும்பப் பாடுகிறது. எனக்கு எழுந்திருக்கத் தோன்றவில்லை. கருகின வாசம் வந்த பிறகுதான் பார்த்தேன், புஷ்பவல்லி சாம்பார்க் கரண்டியோடு வாசற்படியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருக்கிறாள். “ஏனுங்க, யாருங்க இந்த ஆளு? வருவேன் வருவேன்னு இத்தனை பொறுமையாச் சொல்றாரு, வந்து சேந்தாரா இல்லையான்னு சொல்லவே மாட்டீங்கறாரே” என்றாள். அந்தக் கரண்டியை அவள் எங்கே வைத்தாள் என்று கேட்காதீர்கள். தட்டின் புது அட்டை உறையின் மேல் வைத்தாள். வட்டமாக மஞ்சள் கறை. துடைக்கிறேன் என்று முந்தானையால் தேய்த்ததில் வட்டம் பெரிதானது.

சாயங்காலம் மாப்பிள்ளை வந்து பார்த்தார். “சீல் ஒடச்சிட்டீங்களா மாமா?” என்றார், அவ்வளவுதான். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். மனிதர் கறையை ஒரு விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு மாடியேறிப் போய்விட்டார். ப்ரியாதான் வந்து, “அப்பா, சனிக்கிழமை டாபின்ஸ் டாலஸ்ல ஒரு ரெக்கார்டு கடைக்கு வர்றாரு. அவர் கையாலயே பிரிச்சு சைன் பண்ணித் தரணும்னு இவரு நினைச்சிருந்தார்ப்பா. காலேஜ் டேஸ்லேர்ந்து இவரோட ஆசை” என்றாள். சம்பந்தி, அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை. நானே வந்து அந்தப் பெரியவரிடம் மன்னிப்புக் கேட்கிறேன் என்று மாப்பிள்ளையிடம் சொன்னேன். அவருக்கு என்னை அழைத்துப் போவதில் துளியும் விருப்பமில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. பாடிய ஆளைப் பார்க்காமல் விடமாட்டேன் என்று புஷ்பவல்லியும் காரில் ஏறிவிட்டாள்.

கடையில் நல்ல கூட்டம், எல்லாம் வாலிபப் பிள்ளைகள். நடுவில் டாபின்ஸ். எழுபது தாண்டிய ஆள், ஒல்லி, தொப்பி, கைத்தடி. பக்கத்தில் வெள்ளிவளையம் போட்ட ஒரு அம்மாள். எங்கள் முறை வந்ததும் மாப்பிள்ளை வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். சார், என் பெயர் கிட்டு, இந்த உறையைக் கிழித்தது நான், கறை என் மனைவி உபயம், மாப்பிள்ளை மேல் தப்பில்லை, ஆனால் இதில் பாடியிருக்கிற ஜென்டில்மேன் குரல் எங்களைக் கரைத்துவிட்டது, அவரைப் பார்க்க முடியுமா என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். அந்த அம்மாள் என் பக்கம் குனிந்து, “ஹனி, அந்த ஜென்டில்மேன் நான்தான்” என்றார்.

மாப்பிள்ளை மெதுவாகக் கேட்டார்: “மாமா, எந்த ஸ்பீடுல போட்டீங்க?”

“முப்பத்து மூணுன்னு இருந்ததை அமுக்கினேனுங்க.”

“அது நாப்பத்தஞ்சுல போடணும் மாமா! மெதுவா ஓட்டினா பொம்பள குரலும் ஆம்பள குரலாத்தான் கேக்கும்.”

வரிசை முழுக்கச் சிரித்தது. சில பேர் ஃபோனைக்கூட எடுத்துவிட்டார்கள். மாப்பிள்ளை காது சிவந்து தரையைப் பார்த்தபடி நின்றார். டாபின்ஸ் மட்டும் சிரிக்கவில்லை. கைத்தடியை ஊன்றி எழுந்தார், எங்கள் தட்டையே வாங்கினார், தானே போய் மிஷினில் வைத்து முப்பத்து மூன்றில் சுழலவிட்டார். அதே ரீங்காரம், அதே நடை, அதே கிணற்றுக் குரல். சிரித்த பிள்ளைகள் எல்லாம் ஒவ்வொருவராக அடங்கினார்கள். அந்த அம்மாள், டோரீன் என்று பெயர், தன் குரலையே முதன்முதலாகக் கேட்பவர்போல வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். பாட்டு முடிந்ததும் பெரியவர் சொன்னார், மாப்பிள்ளைதான் எனக்குத் தமிழில் சொன்னார்: “எங்க அண்ணன் செத்தப்போ சவப்பெட்டிக்குப் பின்னாடி நடந்து போனேன். அந்த நடையிலதான் இந்தத் தாளம் எனக்கு வந்துச்சு. மனசு தாங்காம வேகமாக்கிட்டேன். உள்ள அது இன்னும் அப்படியே இருக்குன்னு எனக்கே தெரியாது.”

அதன்பிறகு அவர் நாற்பத்தைந்துக்கு மாற்றினார். சம்பந்தி, எப்படிச் சொல்வேன். அதே தட்டு, அதே கோடு, அதே முள். ஒரு பொத்தான்தான் வித்தியாசம். நடந்து வந்த மிருகம் துள்ளிக் குதித்தது. கிணற்றுக்குள் இருந்தவர் மேலே ஏறி வந்து பெண்ணாகி வாசலில் நின்று சிரித்தார். வந்து சேர்ந்துவிட்டாள்! கடையே ஆடியது. டோரீன் அம்மாள் புஷ்பவல்லியின் கையைப் பிடித்து இழுக்க, முழங்கால் ஆபரேஷன் ஆனவள் என்று நான் கத்துவதற்குள் அவள் ஆடிக்கொண்டிருந்தாள். நான் ஆடினேனா என்று தாங்கள் கேட்கக்கூடாது, நானும் சொல்லமாட்டேன். துக்கமும் சந்தோஷமும் ஒரே கோட்டில் செதுக்கப்பட்டுக் கிடக்கின்றன என்பதை இந்த வயதில் ஒரு கிடங்குப் பாட்டில் தெரிந்துகொண்டேன்.

கிளம்பும்போது பெரியவர் மஞ்சள் கறைக்கு நடுவிலேயே பேனாவை வைத்துக் கையெழுத்துப் போட்டார். பார்த்தால், ‘கிட்டுவுக்கு’ என்று போட்டிருக்கிறார். மாப்பிள்ளை கல்லூரி நாளிலிருந்து ஆசைப்பட்ட தட்டு, என் பெயரில். ஃப்ரீவே முழுக்க அவர் ரோட்டையே பார்த்து ஓட்டினார். நான் உறையை மடியில் வைத்து அந்தக் கையெழுத்தை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு வந்தேன். வீட்டுத் திருப்பம் வந்தபோது, “மாமா, இத்தனை வருஷமா கலெக்ட் பண்றேன். ஒரு ரெக்கார்டைக்கூட நான் ஸ்பீடு மாத்திப் போட்டுப் பாத்ததில்ல” என்றார். அவர் என்னோடு அத்தனை மனம்விட்டுப் பேசியது அதுதான் முதல் தடவை.

இவ்வளவும் எழுதியதால் நான் கட்சி மாறிவிட்டேன் என்று எண்ண வேண்டாம். தங்களுக்குக் கொடுத்த வாக்கு அப்படியே இருக்கிறது. மனதைக் கல்லாக்கிக்கொண்டு இந்த மாதத்துக்குள் மாப்பிள்ளையிடம் மறுபடி பேசி, அறையைக் காலி செய்து, தொட்டில் போட வழி பண்ணிவிடுகிறேன். தாங்கள் நிம்மதியாக மாத்திரை போட்டுக்கொண்டு உறங்கலாம். பிறக்கப்போகும் பேரக்குழந்தைக்குத் தங்கள் இருவர் ஆசியும் கடல் தாண்டி வந்து சேரட்டும். சம்பந்தியம்மாளுக்கு எங்கள் இருவரின் வணக்கம்.

இப்படிக்கு,
சொன்ன சொல் மாறாத தங்கள் சம்பந்தி,
கிட்டுசாமி

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்குள் ஒன்று நடந்துவிட்டது. நான் பேசவே தேவையில்லாமல் இன்று காலை மாப்பிள்ளையே வந்து, “அப்பா சொன்னது கரெக்ட்தான் மாமா, குழந்தைக்கு இடம் வேணும்” என்று சொல்லி, தட்டுகளை வாங்கிக்கொள்ள பிளேனோவிலிருந்து இனியன் என்று ஒருவரை வேனோடு வரச்சொல்லிவிட்டார். நான் படிக்கட்டின் குறுக்கே நின்று அந்த வேன்காரரைத் திருப்பி அனுப்பிவிட்டேன். ஒரு தட்டுகூட வெளியே போகவில்லை. தொட்டிலைக் கீழே, தாங்கள் வந்தால் தங்குவதற்கென்று பெயிண்ட் அடித்து வைத்திருந்த அறையில் போட்டாயிற்று. தாங்களும் சம்பந்தியம்மாளும் வரும்போது மாடியில் அலமாரிகளுக்கு நடுவில்தான் படுக்க வேண்டியிருக்கும். அளந்து பார்த்துவிட்டேன், ஒருக்களித்துப் படுத்தால் இரண்டு பேருக்குத் தாராளம்.