பப்பாளி நிற விமானம்

கணினியில் விமானத்துக்கு வண்ணம் தீட்டுகிறேன் என்று சொன்னால், 'கணினியில்' என்பதை மட்டும் யாரும் காதில் வாங்குவதில்லை. அப்பாவும் அப்படித்தான். பக்கத்து மலையூரான கம்போங் ராஜாவிலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தவர்களிடம், மகள் பிளேனுக்குச் சாயம் அடிக்கிறாள் என்று பெருமையாகச் சொல்லிவிட்டார்.

மாப்பிள்ளையின் அம்மா என்னைப் பரிவோடு பார்த்தார். பூத்தோட்டம் வைத்திருப்பவர். விமானம் ஏறியதே இல்லை.

"அவ்ளோ உசரத்துல ஏறி அடிக்கிறியே, பயமா இல்லியாம்மா?"

உண்மையைச் சொல்லியிருக்கலாம். எனக்கு எஸ்டேட் ஆபிசில் கணக்கெழுதும் கிராணி வேலை. மாலையில், நிஜம்போலவே விமானம் ஓட்டும் கணினி விளையாட்டில், எப்போதோ மூடிப்போன விமானக் கம்பெனிகளின் விசித்திர வண்ணங்களைப் பழைய புகைப்படம் பார்த்து மறுபடி வரைவேன். அவ்வளவுதான். ஆனால் சொல்வானேன், காட்டியே விடலாம் என்று தோன்றியது. என் தலைசிறந்த படைப்பை அப்போதுதான் முடித்திருந்தேன். பப்பாளிப்பழ நிற உடல், ஊதா வயிறு, ஜன்னல்களுக்குக் கீழே மூக்குவரை ஓடும் மஞ்சள் அலை. (இதற்குச் சம்மதித்த அந்தக் காலத்து முதலாளியை மனதார நேசிக்கிறேன்.)

அத்தை என்று கூப்பிட்டு அவரை நாற்காலியில் உட்காரவைத்து, கண்களை முழுதாக மூடும் ஹெட்செட்டை மாட்டினேன். அதை மாட்டினால் தலையைத் திருப்பும் பக்கமெல்லாம் விமானத்தின் உட்புறம்தான். எங்கள் ஊர் பிரிஞ்சாங்குக்கு மேலே மெல்லப் பறந்தோம். தேயிலைக் குன்றுகள் பனிக்குள் மூழ்கி மூழ்கி எழுந்தன. அத்தை கையை நீட்டி, இல்லாத ஜன்னல் கண்ணாடியைத் தடவினார்.

"நம்ம பனிதான்லா இது," என்றார் மெதுவாக. "மேலருந்து பாத்தா தூங்குற மாதிரி இருக்கு."

அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் விமானத்துக்குள் உட்கார்ந்திருப்பவருக்கு வெளி வண்ணம் எப்படித் தெரியும்? என் பப்பாளியை அவர் பார்க்க வேண்டாமா? ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல், வெளிக்காட்சிக்கான பொத்தானை அழுத்தினேன்.

அடுத்த நொடி அத்தைக்கு இருக்கை இல்லை, தரை இல்லை, கூரை இல்லை. நடுவானில் தன்னந்தனியாக மிதந்தார். எதிரே, அவர் இல்லாமலே விமானம் அழகாகப் பறந்துகொண்டிருந்தது.

விழுந்துவிட்டேன் என்று அலறி, கைக்கு அகப்பட்டதைப் பிடித்தார். அகப்பட்டது அவர் கணவரின் வேட்டி. மாமா அதைக் காப்பாற்றத் துள்ளியதில், கேசரித் தட்டு அப்பாவின் மடியில் கவிழ்ந்தது.

மாப்பிள்ளைதான் நிதானமாக எழுந்துவந்து ஹெட்செட்டைக் கழற்றினார். கழற்றியவர் அப்படியே திரையைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டார். அந்த மஞ்சள் அலை ரொம்ப அழகு என்றார். அவருடைய அம்மா அவரை முறைத்த முறைப்பில் எனக்கு வியர்த்தது. தேநீர்கூடக் குடிக்காமல் எல்லோரும் காரில் ஏறினார்கள்.

என் அம்மா என்னோடு பேச்சை நிறுத்தினார். இந்த ஜென்மத்தில் கம்போங் ராஜா பக்கமே போவதில்லை என்று நானும் முடிவுகட்டினேன். சில நாள் கழித்து ஒரு போன் வந்தது. அத்தைதான்.

"மறுபடி என்னைய வெளிய விடுவியாம்மா? இந்தத் தடவ சொல்லிட்டு விடு. அன்னைக்கி சரியா பாக்கலலா."

கல்யாணமாகி சில வருடங்கள் ஆகின்றன. ஞாயிற்றுக்கிழமைகளில் அத்தை என்னோடு பறக்கிறார், பெரும்பாலும் வெளியே மிதந்தபடி. மருமகள் எப்படி என்று யாராவது கேட்டால் மட்டும், முகத்தை இறுக்கிக்கொண்டு ஒரே பதில் சொல்வார்:

"பொண்ணு பாக்கப் போன அன்னைக்கே என்னைய பிளேன்லருந்து தள்ளிவிட்டவ."