கேரவன் கொக்கியும் அப்பாவின் காதும்

“இந்தச் சத்தம் நிக்கிற வரைக்கும் கேரவன் ஒரு அங்குலம் நகராது!”

அப்பா இப்படிச் சபதம் போட்டது நண்ட்ரூ என்ற சிற்றூருக்கு மேற்கே, நெடுஞ்சாலையோர ஓய்விடத்தில். காருக்கும் கேரவனுக்கும் நடுவே மல்லாந்து படுத்தபடி. மற்றவர்கள் எழுந்து நின்று சபதம் போடுவார்கள். என் அப்பா டெஸ்மண்ட் அதையும் படுத்துக்கொண்டேதான் செய்வார்.

எங்கள் சக்கர வீடான கேரவனைக் காரோடு பிணைக்கும் கொக்கிதான் வில்லன். நேரே போனால் “கீய்ய்ங்”. திரும்பினால் “க்ர்ர்ராவ்”. பிரேக் போட்டால் “டொடக்”. மூன்றும் எனக்கு அத்துப்படி. வழியில் ஒரு தடவை பின் சீட்டில் இருந்து வாயாலேயே ஒரு “க்ர்ர்ராவ்” விட்டுப் பார்த்தேன். நேரான சாலை. அப்பா வண்டியை நிறுத்தி, இறங்கி, குனிந்தே விட்டார்.

ஆனால் அன்று அம்மா பெட்ரோல் கடைப் பக்கம் போய்ப் போன் பேசிவிட்டு வந்தபோது, எனக்கு எந்தச் சத்தமும் விடத் தோன்றவில்லை.

“டெஸ், செடூனா ஆஸ்பத்திரியில பேசினேன். மெரிலுக்கு ரொம்ப முடியலையாம். உடனே வரச் சொல்றாங்க.”

மெரில் என் பெரியம்மா. அம்மாவுக்கு அவள் அக்கா மட்டுமில்லை, பாதி அம்மா. நுரையீரல் இரண்டும் கந்தலாகி, குழாய் வழியே மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள்.

காருக்கு அடியில் இருந்து பதில் வந்தது.

“மெரில் ரெண்டு வருஷமா செத்துக்கிட்டுதான் இருக்கா. கொக்கி இன்னிக்குத்தான் கெட்டிருக்கு.”

“கேரவனை இங்கயே விட்டுட்டு கார்ல போலாம்.”

“எவனாவது இழுத்துட்டுப் போயிட்டா?”

“அந்தச் சத்தத்தோட எவன் இழுப்பான்?”

“அதனாலதான் சரிபண்றேன்.”

“சரிபண்ணினா இழுத்துட்டுப் போவான்ல?”

அப்பா ஸ்பேனரைக் கேட்டார்.

“அப்போ சாவியைக் கொடு, நானே ஓட்டிட்டுப் போறேன்.”

“நீ ஓட்டினா கிளட்ச் கதறும், ராய்லீன்.”

“நான் கதறுறது உனக்குக் கேக்கல. கிளட்ச் கதறுறது கேக்குதா?”

சாவி அப்பாவின் கழுத்தில் கயிற்றில் தொங்கியது. குளிக்கும்போதும் தொங்கும்.

உண்மைக் காரணம் எங்கள் மூன்று பேருக்குமே தெரியும். அப்பா அம்மா கல்யாணத்தன்று, சர்ச் வாசலில், எல்லார் காதிலும் விழும்படி மெரில் பெரியம்மா சொன்னாளாம்: “ராய்லீன், பின்கதவு திறந்துதான் இருக்கு. ஓடிடு.” அப்பா அதை இன்றுவரை விழுங்கவும் இல்லை, துப்பவும் இல்லை. அதோடு, அவருக்கு ஆஸ்பத்திரி வாசனை பட்டாலே முகம் வெளிறும். சாகிறவர்களைப் பார்ப்பதென்றால் கால் ஓடாது. கொக்கி கத்தியது அவருக்கு வசதியாகப் போயிற்று.

ஓய்விடத்துப் பழக்கம் ஒன்று உண்டு. ஒரு ஆண் தன் கொக்கியருகே குனிந்தால் போதும். அக்கம்பக்கத்துக் கேரவன் ஆண்கள் எல்லாரும் வந்து இடுப்பில் கைவைத்து நிற்பார்கள். வந்தார்கள். முதலில் வந்தவர் பெயர் வால். ஓய்வுபெற்ற இறைச்சிக்கடைக்காரர். மூக்கால் பேசுவார்.

“ஞெஸ்... இது ஞப்பர் இல்லாத ஞோளாறு. ஞெருப்பைக் கிழிச்சு ஞடுவுல வை.”

அப்பா என் ரப்பர் செருப்பைக் கிழித்து வைத்து, காரை லேசாக அசைத்துப் பார்த்தார். “கீய்ய்ங்.” பால் புட்டியை வெட்டிச் செருகினார். “க்ர்ர்ராவ்.” கிரீஸ் தீர்ந்து, ரொட்டிக்கு வைத்திருந்த வெண்ணெயைப் பூசினார். எறும்பு வந்தது. சத்தம் போகவில்லை.

அம்மா காலையிலும் மாலையிலும் பெட்ரோல் கடைக்கு நடந்து போய்ப் போன் செய்தாள். திரும்பும்போது என்னிடம் மட்டும் சொல்வாள்: “இன்னும் இருக்கா.” அந்த இரண்டு சொல்லுக்கு மேல் அவளால் முடியவில்லை.

மறுநாள் அம்மா கறுப்புக் கவுனை எடுத்துத் தேய்த்து, கேரவன் கதவில் மாட்டினாள்.

அப்பா பார்த்தார். “இது எதுக்கு இப்போ?”

“சீக்கிரம் தேவைப்படும். யாருக்குன்னுதான் இன்னும் முடிவாகல.”

அப்பா சட்டென்று கொக்கிக்கு அடியில் ஒதுங்கினார்.

அதற்கப்புறம் அம்மா கெஞ்சுவதை நிறுத்திவிட்டாள். கெஞ்சாத அம்மாவை நான் அதுவரை பார்த்ததில்லை. சாப்பாட்டு வேளையில் ஆட்டிறைச்சித் துண்டை அப்பா தட்டில் வைத்துக்கொண்டே, தேனாகப் பேசினாள்.

“டெஸ், சத்தம் எங்கேர்ந்து வருதுன்னு வெளியில நின்னு கேட்டா எப்படித் தெரியும்? உள்ள படுத்துக் கேக்கணும். கொக்கிக்கு நேர் மேல, தரையில காது வச்சு.”

அப்பா மெல்லுவதை நிறுத்தினார்.

“வால் கேக்கட்டுமா?” என்றாள் அம்மா.

“வாலா! அவன் காதுல இடி விழுந்தாலும் யாரோ இருமுறான்னு நினைப்பான். இதுக்கு என் காதுதான் வேணும்.”

“அதான் நானும் நினைச்சேன். ஆனா அப்போ காரை யார் முன்னயும் பின்னயும் அசைக்கிறது?”

அப்பா என்னைப் பார்த்தார். எனக்கு லைசென்ஸ் இல்லை. கழுத்துக் கயிற்றைப் பார்த்தார். பெருமூச்சு விட்டார். ஒரு ராஜா கிரீடத்தைக் கழற்றுவதுபோலச் சாவியைக் கழற்றி அம்மா கையில் வைத்தார்.

“கிளட்சை மெதுவா விடணும்.”

“சரி டெஸ்.”

இன்னொரு தடவை வெண்ணெய் பூசுவதற்காக அப்பா ஏற்கெனவே கேரவனைக் காரில் இருந்து கழற்றி வைத்திருந்தார். “நீங்க ரெண்டு பேரும் மாட்டுங்க. மாட்டுறப்பவே சத்தம் வருதான்னு பாக்குறேன்,” என்று ஒரு வாக்கி-டாக்கியோடு கேரவனுக்குள் போனார். காற்றுச் சத்தம் வரக் கூடாதென்று ஜன்னல்களை எல்லாம் மூடினார். கேரவன் சக்கரங்களுக்குக் கட்டை வைத்தாயிற்று. கொக்கியில் ஆட்டம் இருந்தால்தான் சத்தம் வரும், கேரவன் நகரத் தேவையில்லை என்பது அவருடைய விஞ்ஞானம்.

அம்மா என்னைப் பார்த்தாள். கண் சிவந்திருந்தது. “டீகன், மாட்டுற சத்தம் உனக்கு வரும்ல?”

எனக்கு வராத சத்தமா? நாக்கை மேலண்ணத்தில் வைத்து ஒரு “டொக்ளக்” விட்டேன். வீட்டுச் சாவிக்கொத்தைக் குலுக்கிச் சங்கிலி மாட்டுகிற சத்தமும் கொடுத்தேன். கொக்கியை நாங்கள் தொடவே இல்லை.

“மாட்டியாச்சு, டெஸ்!”

“அடடா! வெண்ணெய் வேலை செய்யுது!” உள்ளிருந்து அப்பா.

மூன்று பெட்டி கட்டிய லாரி ஒன்று இரைச்சலோடு கடந்தது. அந்த இரைச்சலுக்குள் அம்மா காரை நெடுஞ்சாலையில் ஏற்றினாள். கிளட்ச் கதறத்தான் செய்தது.

காருக்குள் இருந்த இன்னொரு வாக்கி-டாக்கி உறுமியது. “ராய்லீன், முன்னாடி எடு.”

“முன்னாடிதான் போறேன்,” என்றாள் அம்மா. மூன்றாவது கியர்.

“பிரமாதம்! ஒரு முனகல் இல்ல! இப்போ ரிவர்ஸ்.”

எங்கள் கார் ரிவர்ஸில் கூவும். நான் மைக்கில் வாய் வைத்தேன். “பீப். பீப். பீப்.”

“அசைவே தெரியல! வெண்ணெய்! வெண்ணெய் மாதிரி போகுது! வாலைக் கூப்பிட்டுக் காட்டணும்.”

அம்மாவின் கன்னத்தில் கண்ணீர் வழிந்து கழுத்துவரை போயிற்று. குரலில் ஒரு பிசிறு இல்லை. “இப்போ என்ன செய்யட்டும், டெஸ்?”

“கொஞ்சம் வேகமா மிதி.”

“எவ்வளவு?”

“பயப்படாம மிதி, ராய்லீன். நான் இருக்கேன்ல!”

கல்யாணம் ஆனதில் இருந்து அம்மா அவர் பேச்சை இவ்வளவு முழுசாகக் கேட்டதில்லை. மிதித்தாள். அப்பாவின் குரல் கரகரத்து, உடைந்து, தேய்ந்தது. கடைசியாகக் கேட்டது: “பாத்தியா? நாளைக்கே... மெரிலைப் போய்...”

அம்மா வாக்கி-டாக்கியை அணைத்தாள். செடூனா வரை வேகத்தைக் குறைக்கவே இல்லை.

பெரியம்மா இன்னும் இருந்தாள். ஒரு குருவி அளவுக்கு. அம்மா கட்டிலில் ஏறி அவள் பக்கத்திலேயே படுத்துக்கொண்டாள். நான் கால்மாட்டில் நின்று நடந்ததையெல்லாம் நடித்துக் காட்டினேன். கொக்கி, வால், வெண்ணெய், பீப் பீப். பெரியம்மாவின் ஆக்ஸிஜன் முகமூடிக்குள் ஆவி மண்டியது. சிரிப்பா இருமலா என்று தெரியாமல் நர்ஸ் ஓடிவந்து என்னைத் திட்டினாள். பெரியம்மா விரலை ஆட்டினாள். இன்னொரு தடவை நடி என்று அர்த்தம். நடித்தேன். சிரித்துக்கொண்டே அழ முடியும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

மறுநாள் வால் தன் காரில் அப்பாவைக் கொண்டுவந்து இறக்கிவிட்டார். முழங்கை வரை கிரீஸ். முகம் சுண்ணாம்பு. அறை வாசலிலேயே நின்றார். அம்மா திட்டவில்லை. நாற்காலியைக் கட்டில் பக்கம் இழுத்துப் போட்டாள், அவ்வளவுதான்.

அப்பா வந்தார். தொண்டையைச் செருமினார். வழியெல்லாம் ஒத்திகை பார்த்த பேச்சு.

“மெரில்... நான் வரக் கூடாதுன்னு இல்ல. கொக்கியில ஒரு கோளாறு. அதாவது அந்த உருண்டைக்கும் கிண்ணத்துக்கும் நடுவுல ஒரு இடைவெளி...”

பெரியம்மா கண்ணைத் திறந்தாள். குச்சிக் கையால் அப்பாவின் கிரீஸ் கையைப் பிடித்தாள். இன்னொரு கையால் முகமூடியைச் சற்றே விலக்கினாள். அவள் இந்த உலகத்தில் கடைசியாகப் பேசியது என்னிடமும் இல்லை, தூக்கி வளர்த்த தங்கையிடமும் இல்லை. என் அப்பாவிடம்.

“சத்தம் போடாம உக்காரு, டெஸ்.”