பிள்ளையைப் படகிலிருந்து இறக்கப் போனது

கிடர்பூர்,
கல்கத்தா,
18-2-1975

மகாகனம் பொருந்திய அத்திம்பேர் சுந்தரராஜன் அவர்களுக்குக் குருமூர்த்தி செய்துகொள்ளும் அநேக நமஸ்காரங்கள். மின்சாரம் நீங்கலாக இங்கு எல்லாம் சௌக்கியம். மாம்பலத்தில் தங்கள் க்ஷேமத்துக்கும் தங்கள் முழங்கால் வலியின் நிலவரத்துக்கும் விவரமாகப் பதில் எழுதவும்.

இந்தக் கடிதத்தைத் தங்களைத் தவிர வேறு யாருக்கும் எழுத எனக்குத் தைரியம் இல்லை. விஷயம் இதுதான். என் பிள்ளை சந்தானத்துக்கு வரும் ஜூனிலிருந்து மெட்ராஸில் ஒரு காலேஜில் இடம் பார்க்க வேண்டும். எந்தக் காலேஜானாலும் சரி. பக்கத்தில் சமுத்திரம், ஆறு, ஏரி, குளம் எதுவும் இருக்கக் கூடாது. அவனுக்கு இருபத்தொரு வயது வரை ஜலகண்டம் இருப்பதாக ஆயுஷ்ஹோமத்தன்று ஜோசியர் சொன்னது தங்களுக்கு நினைவிருக்கும். அவன் அம்மா ராஜலக்ஷ்மி அன்றைக்குப் பிடித்த பிடியை இன்னும் விடவில்லை. பத்தொன்பது வயதுப் பையனுக்கு இன்றைக்கும் குளிக்க அரை வாளித் தண்ணீர்தான். இப்படிக் காப்பாற்றி வளர்த்த பிள்ளை, சனிக்கிழமைதோறும் லாபரட்டரி என்று சொல்லிவிட்டு ஆறு மாதமாகப் போய்வந்தது டாக்குரியா ஏரிக்குத் துடுப்புப் போட! உள்ளங்கையெல்லாம் காய்த்துப்போயிருந்தது. கேட்டேன். "கெமிஸ்ட்ரி படிச்சா இப்படித்தான் ஆகும்பா" என்றான். நானும் சயின்ஸ் படிக்காதவன், நம்பிவிட்டேன்.

குட்டு உடைந்தது நேற்று முன்தினம், ஞாயிற்றுக்கிழமை காலையில். எதிர்வீட்டு பௌதி (இங்கே மன்னியை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்) ஒரு தட்டில் சந்தேஷ் கொண்டுவந்து, "இன்னிக்கு உங்க பிள்ளைக்கு போட் ரேஸ் ஃபைனலாச்சே, வாயை இனிப்பாக்கிக்கோங்க" என்று அவளுக்குத் தெரிந்த இந்தியில் ராஜலக்ஷ்மியிடம் சொன்னாள். ராஜலக்ஷ்மி சந்தேஷையும் பார்த்தாள், என்னையும் பார்த்தாள். "ஏன்னா, நிக்கறேளே! ஓடுங்கோ. அவனைக் கையோட அழைச்சுண்டு வாங்கோ" என்றாள். நான் கட்டியிருந்த வேஷ்டியோடு பஸ் ஏறினேன்.

ஏரிக்கரையில் ஷாமியானா, மைக், ஊரே திரண்ட கூட்டம். சந்தானம் அரை நிஜாரில் மூன்று வங்காளிப் பையன்களோடு நின்றிருந்தான். பக்கத்தில் அந்தப் படகு. அத்திம்பேர், அதைப் படகு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. முருங்கைக்காயை நீளவாக்கில் பிளந்தால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. ஆனால் நாலு பையன்கள் முகத்திலும் ஈயாடவில்லை. விசாரித்தேன். அந்தப் படகில் துடுப்புப் போடுகிற நாலு பேரும் போகிற திசைக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார வேண்டுமாம்! எதிரே பார்த்து, கயிற்றைப் பிடித்து வழி திருப்பி, கத்திக்கொண்டு வருவதற்கு ஐந்தாவதாக ஒருவன் உண்டு, அவனுக்கு காக்ஸ் என்று பெயர். அவர்களுடைய காக்ஸ் முதல்நாள் சாயங்காலம் முப்பது புச்கா, அதாவது புளித்தண்ணீர் ரொப்பின குட்டிப் பூரி, தின்றுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு வீட்டில் கிடக்கிறானாம். ஆள் இல்லாவிட்டால் போட்டியிலிருந்து விலக வேண்டியதுதான்.

பகவான் கண் திறந்தார் என்று நான் சந்தோஷப்பட்ட அதே நிமிஷத்தில், அந்த டீமின் கேப்டன் தபஸ் என்ற பையன் என்னை உச்சியிலிருந்து பாதம் வரை பார்த்தான். "மேசோமோஷாய், உங்க வெயிட் எவ்வளவு?" என்று இங்கிலீஷில் கேட்டான். மேசோமோஷாய் என்றால் இங்கே சித்தப்பா முறை. மரியாதையாகக் கேட்கிறானே என்று நானும், "நாற்பத்தேழு கிலோ. கல்யாணத்தன்னிக்கும் இதே வெயிட்தான்" என்று பெருமையாகச் சொல்லித் தொலைத்தேன். நாலு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். காக்ஸ் எவ்வளவுக்கு எவ்வளவு இளைத்தவனோ அவ்வளவுக்குப் படகு ஓடுமாம், என்னையே அந்த ஐந்தாவது ஆளாக உட்காரச் சொன்னார்கள்!

நான் ஒப்புக்கொண்டிருக்க மாட்டேன். ஆனால் சந்தானம் என்னைத் தனியே அழைத்துப் போய், "அப்பா, பொய் சொன்னது தப்புதான். ஆத்துக்குப் போய் என்ன வேணா பண்ணுங்கோ. இப்ப மட்டும் வாங்கோப்பா. ஆறு மாசம் இழுத்திருக்கோம்" என்றான். அவன் என்னிடம் எதையும் கேட்கிறவன் இல்லை என்பது தங்களுக்கே தெரியும். அதோடு, நானும் படகில் இருந்தால் அவன் தண்ணீரில் விழும்போது பிடித்துக்கொள்ளலாமே என்று தோன்றியது. எனக்கு நீச்சல் தெரியாது என்பது அந்தச் சமயத்தில் ஞாபகம் வரவில்லை. வெள்ளைக் கால்சட்டை போட்ட கிழவர் ஒருவர்தான் நடுவர். அவர் ரூல் புஸ்தகத்தைப் புரட்டிப் பார்த்து, காக்ஸ் காலேஜோடு சம்பந்தப்பட்டவராக இருக்க வேண்டும் என்றார். "ரத்த சம்பந்தம், சார்" என்றான் தபஸ். கிழவர் சரி என்று புஸ்தகத்தை மூடிவிட்டார்.

துறைமுக ஆபீசில் இருபத்திரண்டு வருஷம் கப்பல்களைக் காகிதத்தில் மேய்த்தவன், அன்றைக்குத்தான் முதல்முதலாகத் தண்ணீரில் மிதந்தேன். வேஷ்டியை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்தேன். போட்டிக்கு இரண்டே படகு. துப்பாக்கி வெடித்தது. நான் பயந்துபோய்க் கையிலிருந்த கயிற்றைச் சுண்டி இழுத்துவிட்டேன். படகு நேரே அடுத்தவன் பாதைக்குள் போய், அவனுடைய இரண்டு துடுப்புகளை மடக்கிவிட்டுத் தானாகவே திரும்பி வந்தது. அவனுடைய காக்ஸ் வங்காள பாஷையில் என்னை ஏதோ சொன்னான். புரியாதது நல்லதாய்ப் போயிற்று. ஒன், டூ என்று கத்தச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். வாயில் அது வரவில்லை. "முருகா! முருகா!" என்றுதான் வந்தது. அந்த மூன்று வங்காளிப் பிள்ளைகளும் அதுதான் தமிழில் தாளம் போலிருக்கிறது என்று எண்ணி, ஒவ்வொரு "கா"வுக்கும் ஒரே இழுப்பாக இழுத்தார்கள். படகு பறந்தது! கரையில் லேக் மார்க்கெட் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் "அரோகரா" என்றன. வங்காளிகளும் சேர்ந்துகொண்டார்கள். எனக்கு எதிரே முழங்கால் தட்டும் தூரத்தில் சந்தானம், பல்லைக் கடித்துக்கொண்டு, கழுத்து நரம்பெல்லாம் புடைக்க, என்னையே பார்த்து இழுத்துக்கொண்டிருந்தான். என் பிள்ளையின் முகத்தை நாலு நிமிஷம் சேர்ந்தாற்போல நான் பார்த்து எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது, அத்திம்பேர். அவனுக்கு மீசை வந்திருக்கிறது.

முதலில் வந்தோம். ஆனால் நிறுத்துவதற்கு என்ன சொல்ல வேண்டும் என்று யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. எனக்கும் முருகா நிற்கவில்லை. அவர்களோ முதுகைக் காட்டிக்கொண்டிருக்கிறவர்கள். எல்லைக் கொடியைத் தாண்டி, கூட்டத்தைத் தாண்டி, ஏரிக் கோடியில் இருந்த ஆகாயத்தாமரைக்குள் போய்ச் செருகிக்கொண்டோம். என்ன ஆயிற்று என்று பார்க்க எழுந்து நின்றேன். நிற்கக் கூடாதாம்! ஐந்து பேரும் தண்ணீரில். நான் மூன்று தரம் முங்கி, எல்லோரையும் மனதுக்குள் நினைத்துக்கொண்டு விடைபெற்றுவிட்டேன். சந்தானம் என் சட்டைக் காலரைப் பிடித்துத் தூக்கி, "அப்பா, காலை ஊனி நில்லுங்கோ. இடுப்பளவுதான்" என்றான்.

அடுத்தவன் பாதையில் புகுந்ததற்காக எங்களை இரண்டாவது இடத்துக்கு இறக்கிவிட்டார்கள். இரண்டாம் பரிசாக ஒரு சின்னக் கோப்பை கொடுத்தார்கள். போட்டியில் இருந்ததே இரண்டு படகுதான் என்பதை அக்காவிடம் சொல்ல வேண்டாம்.

வீட்டு வாசலில் எங்கள் இருவரையும் கண்டதும் ராஜலக்ஷ்மி, "அழைச்சுண்டு வரச் சொன்னேனா, நனைச்சுண்டு வரச் சொன்னேனா?" என்றாள். அதுதான் அவள் என்னிடம் கடைசியாகப் பேசியது. இரண்டு நாளாகப் பாத்திரங்கள்தான் பேசுகின்றன. ஆகையால் நான் தீர்மானமாகச் சொல்லிவிட்டேன். இனி இந்தக் குடும்பத்தில் ஒருவரும் படகைக் கையாலும் தொடுவதில்லை. தாங்கள் உடனே காலேஜ் பார்க்கவும். என் முடிவில் மாற்றமே கிடையாது.

அக்காவுக்கு என் நமஸ்காரம். குழந்தைகள் எல்லோரும் தீர்க்காயுளாக, கூடியவரை தரையிலேயே இருந்துகொண்டு, சகல சௌபாக்கியமும் பெற ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
தங்கள் மைத்துனன்
குருமூர்த்தி

பி.கு.: கடிதத்தை ஒட்டப்போகும் நேரத்தில் தபஸ் வந்தான். அடுத்த மாதம் மெட்ராஸில் அடையாற்றில் காலேஜ்களுக்குள் பெரிய போட்டியாம். பழைய காக்ஸுக்கு வயிறு சரியாகிவிட்டதாம். ஆனாலும் மேசோமோஷாய் வந்தால்தான் படகில் ஏறுவோம் என்று பையன்கள் ஒரேயடியாகச் சொல்லிவிட்டார்களாம். முடியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "ப்ராக்டீஸ் எத்தனை மணிக்கு?" என்று கேட்டுவிட்டேன். ஆகவே காலேஜ் பார்க்க வேண்டாம். ராஜலக்ஷ்மிக்கு இன்னும் தெரியாது. ஏதோ அவசரக் குடும்பக் காரியம், குருமூர்த்தி உடனே புறப்பட்டு வரவும் என்று அவள் கையில் கிடைக்கும்படி ஒரு கார்டு போடவும். கூடவே சந்தானத்தையும் மூன்று வங்காளிப் பையன்களையும் அழைத்து வரச் சொல்லி எழுதவும்.