சாவிக்கொத்தோடு நான் பூட்டப்பட்ட நாள்

வருஷக்கணக்காகச் சாக்பீஸ் எண்ணியவள் நான். இதை ஒப்புக்கொள்ள ஓய்வுபெறும் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

திண்டுக்கல்லிலிருந்து பழனி பஸ்ஸில் அரை மணி நேரம் போனால் எங்கள் நடுநிலைப் பள்ளி. அங்கே தலைமையாசிரியையான நான்தான் மணியும் அடிப்பேன். சத்துணவுச் சாம்பாரில் உப்புப் பார்ப்பேன். ஆசிரியர் வருகைப் பதிவேட்டில் சிவப்பு மையால் கோடு போடுவேன் (மற்றவர்கள் போட்டால் கோணிவிடும் என்பது என் கண்டுபிடிப்பு). எட்டு அறைகளின் சாவிகளும் என் இடுப்பில்தான் தொங்கும். நான் நடந்து வந்தால் மாட்டு வண்டி வருகிற சத்தம் கேட்கும்.

"டீச்சர், பிரஷர் ஏறிக் கெடக்கு. தேவையில்லாத வேலைய விடுங்க" என்றார் டாக்டர். "எது தேவையில்லாததுங்க?" என்று கேட்டபடியே அவர் மேஜையில் கலைந்து கிடந்த மருந்துச் சீட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தேன்.

1998இல் எங்கள் பள்ளியை உயர்நிலைப் பள்ளியாக்கலாமா என்று பார்க்க ஓர் அதிகாரி வருவதாக இருந்தது. எனக்கு அது வாழ்வா சாவா விஷயம். ஒன்பதாம் வகுப்புக்கு ஏழு கிலோமீட்டர் போக வேண்டும் என்பதால் எங்கள் பெண்பிள்ளைகளை எட்டாவதோடு நிறுத்திவிடுவார்கள். நன்றாகப் படித்த பிள்ளைகள் தக்காளி பறிக்கப் போவதைப் பார்த்துப் பார்த்து எனக்கு வயிறெரிந்தது.

அதிகாரி பத்தரைக்கு வருவார். பத்து மணிக்கு நான், பூட்டைத் திறந்து வெளியே தொங்கவிட்டு, சாக்பீஸை இன்னொரு தடவை எண்ணிவிடலாம் என்று பொருட்கள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். திறந்து தொங்கும் பூட்டை யார் பார்த்தாலும் உடனே அமுக்கிப் பூட்டிவிட வேண்டும் என்பது பள்ளியில் நான் போட்ட சட்டம். அந்தப் பக்கம் வந்த உதவித் தலைமையாசிரியை மும்தாஜ் டீச்சர் சட்டத்தை மதித்தார்.

"யாரது! நான் உள்ள இருக்கேன்!"

"அல்லா! பெரிய டீச்சரா? சாவியக் குடுங்க, தொறக்குறேன்."

எப்படிக் கொடுப்பது? அணில் வராமலிருக்க ஜன்னலுக்கு நெருக்கமான கம்பி வலை அடித்திருந்தது. கதவின் அடியில் எலி நுழையாதபடி தகரம். இரண்டையும் பக்கத்தில் நின்று அடிக்கச் சொன்னது யார் என்று நான் சொல்லத் தேவையில்லை. மாற்றுச் சாவியும் அதே கொத்தில் பத்திரமாக இருந்தது. பூட்டோ திண்டுக்கல் பூட்டு. கொல்லரைக் கூட்டிவர ஆள் ஓடிய நேரத்தில் ஜீப் வந்து நின்றது.

"மும்தாஜு, மொதல்ல எட்டாம் வகுப்பு! இல்ல, ஆறாம் வகுப்பு! இளநிய வெட்டச் சொல்லுங்க! தோரணம் சாஞ்சிருக்கா பாருங்க!"

"டீச்சர், செத்த நேரம் சும்மா இருங்க. நாங்க பாத்துக்கிறோம்."

நான் தலைமையாசிரியையாக இருந்த பதினோரு வருஷத்தில் யாரும் என்னிடம் அப்படிச் சொன்னதில்லை. அதிர்ச்சியில் நிஜமாகவே சும்மா இருந்துவிட்டேன். மணி சரியான நேரத்துக்கு அடித்தது. வகுப்புகள் நடந்தன. அடுத்த அறையில் அதிகாரி ஒரு பிள்ளையை எழுப்பிக் கேட்பது ஜன்னல் வழியாகக் கேட்டது.

"எட்டாவது முடிச்சுட்டு என்ன பண்ணப் போற?"

"ஒம்போதாவது படிப்பேன் சார்." பாண்டிச்செல்வியின் குரல்.

"எங்க?"

"இங்கதான் சார். நீங்க கையெழுத்துப் போட்டா."

நான் எழுதிக்கொடுத்த பதில்களில் இது கிடையாது. அட்டைப் பெட்டி மேல் உட்கார்ந்து பெருமையில் அழுதேன்.

அடுத்து, என் கதவருகே பேச்சுச் சத்தம். "இந்த ரூமத் தொறங்க."

"சாவி பெரிய டீச்சர்கிட்ட இருக்கு சார்."

"அவங்க எங்க?"

"உள்ள இருக்காங்க சார்."

வலைக்குப் பின்னால் எழுந்து நின்று கும்பிட்டேன். "வணக்கம் சார். சாக்பீஸ் நாப்பத்திரெண்டு பெட்டி, சரியா இருக்கு சார்."

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தோள்கள் மட்டும் குலுங்கின. பிறகு, "ஏம்மா, நீங்க இல்லாமயே இம்புட்டு நல்லா நடக்குது பள்ளிக்கூடம். இதவிட என்ன வேணும்?" என்றார். கொல்லர் வந்து வலையை வெட்டி, நான் சாவியை நீட்டி வெளியே வந்தபோது தலை, புடவை எல்லாம் சாக்பீஸ் தூள்.

அடுத்த ஜூனில் ஒன்பதாம் வகுப்பு தொடங்கியது. முதல் பெஞ்சில் பாண்டிச்செல்வி. சாவிகளை ஆளுக்கொன்றாகப் பிரித்துக் கொடுத்தேன். சாக்பீஸை அதன்பின் நான் எண்ணவில்லை. ஒரு நாளும் குறைந்ததாகப் புகார் வரவில்லை.

பத்து வருஷம் கழித்து என் மகள் கல்யாணம். பந்தியில் கூட்டுக்கும் பொரியலுக்கும் நடுவே நான் ஓடிக்கொண்டிருந்தபோது என் கணவர் கையைப் பிடித்து இழுத்துப்போய் மணமகள் அறையில் உட்கார வைத்தார். வெளியே தாழ்ப்பாள் போட்டுவிட்டு, கூடியிருந்த சொந்தக்காரர்களிடம் சத்தமாகச் சொன்னார்: "இவள உள்ள வச்சாச்சு. இனி கல்யாணம் நல்லா நடக்கும்."

நன்றாகத்தான் நடந்தது. இன்று எங்கள் வீட்டில் எந்த விசேஷத்துக்கும் நாள் குறித்ததும், மகள் கேட்கிற முதல் கேள்வி: "அம்மாவ எந்த ரூம்ல வைக்கிறது?"