நாற்காலியை விட்டுக்கொடுத்த படலம்

மணி பதினொன்று முப்பத்தைந்து. தொடுகறிகள் மேசைக்கு வந்துவிட்டன.

வாழ்க ஜியா ஹோங்சாய்! சீனத்துக் குவாங்ஃபு கோட்டைக்குள் பிறந்து, அகழித் தாமரையோடு வளர்ந்து, நீரிறைக்கும் பம்புத் தொழிற்சாலையில் துணைத் தரப் பரிசோதகராக நெடுங்காலம் வீற்றிருந்து, ஓய்வூதியம் என்னும் பெருஞ்செல்வம் எய்திய ஏந்தல் வாழ்க! மேகம்போல் அசையும் கையினர், மலைபோல் நிற்கும் காலினர், காற்றாடிபோல் சுழலும் இடுப்பினர். வைகறையில் வடக்கு மதிலின்மேல் நின்று அவர் ஒற்றைக் காலைத் தூக்கினால், கீழே அகழியில் மீன்பிடிப்பவர்கள் தூண்டிலை மறந்து வாய்பிளப்பார்கள் என்று அவரே சொல்லியிருக்கிறார். நேற்று மாலை தலைக்குச் சாயம் பூசிய தலைமகன் வாழ்க! அவர் வெல்லப்போகும் நாற்காலியும் வாழ்க!

நாற்காலி சாதாரணமானது. கழுதை இறைச்சிக்குப் பேர்போன அந்த உணவகத்தின் மாடியறையில் வட்ட மேசையைச் சுற்றிக் கிடந்த மற்ற நாற்காலிகளைப் போலவே சிவப்பு உறை போட்டது, ஒரு கால் சற்றே ஆடுவது. ஆனால் அது வாசலைப் பார்த்துக் கிடந்தது. வாசலைப் பார்த்த நாற்காலியில் அமர்பவர் மேசைக்குத் தலைவர். அவர் அமரும்வரை வேறு எவரும் அமர முடியாது. இன்றைய விருந்தோ குவோ ஆசானின் முதலாண்டு நினைவு விருந்து. துக்க ஆண்டு முடிகிற இந்த நாளில் அந்த நாற்காலியில் அமர்பவரே தாய்ச்சி என்னும் தற்காப்புக் கலைப் பள்ளிக்கு அடுத்த ஆசான். இதை ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஒருவருக்கும் தெரியாமலும் இல்லை.

ஆசான் யார் பெயரையும் சொல்லாமல் போய்விட்டார். கடைசி நாளில் கட்டிலைச் சூழ்ந்து நின்று சீடர்கள் கேட்டபோது, "அதையெல்லாம் சாப்பிடறப்போ பேசிக்கலாம்" என்று அருளினார். அவர் கஞ்சியைத்தான் சொன்னார் என்பது மருத்துவமனைத் தாதியின் கருத்து. சீடர்கள் அதை உபதேசமாக ஏற்று விருந்துக்கு ஏற்பாடு செய்தார்கள்.

நாற்காலிக்கு அந்தப் பக்கம் நின்றவர் தியான் பாவ்குய். தரை ஓடு வியாபாரி. பட்டுச் சட்டைக்குள் அடங்காத தொப்பையர், அந்தத் தொப்பையாலேயே ஆட்களைத் தூக்கி எறிய வல்லவர். அவர் வயதில் ஜியாவுக்கு இளையவர், ஆனால் பள்ளியில் ஜியாவுக்கு முன்பே சேர்ந்தவர். சேர்ந்த முறைப்படி தியான் அண்ணன், பிறந்த முறைப்படி ஜியா அண்ணன். ஆகவே இருவரும் ஒருவரையொருவர் அண்ணே என்றே அழைத்தார்கள். தம்பி என்றே நினைத்தார்கள்.

இருவருக்கும் அந்த நாற்காலி வேண்டும். ஆனால் இது விட்டுக்கொடுப்பதை உச்சம் என்று கற்பிக்கும் கலை. தானாக ஓரடி எடுத்து நாற்காலிப் பக்கம் வைப்பவன் அந்தக் கணமே அதற்குத் தகுதி இழக்கிறான். மறுக்க வேண்டும். மறுத்து, மீண்டும் மறுத்து, பிறகு மற்றவர் பிடித்துத் தள்ள, வேறு வழியே இல்லாமல் மிகுந்த வருத்தத்தோடு அமர வேண்டும்.

அந்த வருத்தத்தை ஜியா வீட்டுக் கண்ணாடி முன்னால் ஒத்திகை பார்த்திருந்தார். ஒரு பெருமூச்சு. பிறகு, "விடமாட்டேங்கறீங்களே" என்று ஒரு வாக்கியம். மனைவி பார்த்துத் திருத்தம் சொன்னாள். "பெருமூச்சு ஜாஸ்திங்க. மூச்சுத் திணறல்னு ஆம்புலன்ஸுக்கு ஃபோன் போட்ருவாங்க. உக்காந்ததும் போட்டோ அனுப்புங்க, எங்க அக்காவுக்குக் காட்டணும்."

அக்காளின் கணவர் அதே தொழிற்சாலையில் தலைமைப் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். ஜியாவின் பெயருக்கு முன்னால் 'துணை' என்ற சொல் இல்லாமல் எவரும் எதையும் எழுதியதில்லை. ஓய்வு பெற்றபோது கொடுத்த தேநீர்க் குவளையில்கூட அதைப் பொறித்துத்தான் கொடுத்தார்கள்.

சங்கு முழங்கவில்லை. கீழே சமையலறையில் எதையோ தாளித்தார்கள்.

"அண்ணே, உக்காருங்க!" என்று கர்ஜித்தார் தியான்.

"நீங்க இருக்கறப்போ நானா? நாலு பேர் சிரிக்கமாட்டாங்களா!" என்று முழங்கினார் ஜியா.

"வயசுக்கு ஒரு மரியாதை வேண்டாமாண்ணே?"

"எனக்கு முன்னாடியே ஆசான் காலைத் தொட்டவர் நீங்க. அந்த மரியாதை எங்கண்ணே போறது?"

சொற்போர் முடிந்தது. கைப்போர் தொடங்கியது. ஜியா நாற்காலிக்கு முதுகு காட்டி நிற்க, தியான் அவருடைய முன்கையில் தம் உள்ளங்கையை வைத்தார். பனி படிவதுபோல் வைத்தார். வைத்துவிட்டு, ஊரே அறிய உபசரிக்கும் ஒருவருக்குரிய வேகத்தோடு தள்ளினார்.

இதுதான் ஜியா காத்திருந்த தள்ளல். கண்ணாடி முன்னால் கண்ட கனவு, மனைவியின் அக்காளை வாயடைக்கச் செய்யும் அம்பு, ஒரு முழத் தொலைவில் பின்னால் இருந்தது. அவர் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை. மடங்கி விழுந்தால் போதும். பெருமூச்சைக்கூடத் தயாராக உள்ளே இழுத்துவிட்டார்.

அப்போது அவருடைய இடுப்பு திரும்பியது.

அவர் திருப்பவில்லை. ஆண்டுக்கணக்கில் விடியலுக்கு முன் எழுந்து, வெயிலிலும் வெண்பனியிலும் மதில்மேல் நின்று, வருகிற விசையை எதிர்க்காதே, வழிவிடு, வட்டமாக்கு, அனுப்பியவனிடமே அனுப்பு என்று அவர் பழக்கிய இடுப்பு, எசமானனின் விருப்பத்தைக் கேட்காமல் தன் கடமையைச் செய்தது. தள்ளல் அவருடைய தோளில் நுழைந்து, முதுகில் கரைந்து, காலில் இறங்கி, வேறொரு வழியாக மேலேறி வந்தது. தியான் பாவ்குய், கரையை மோதப்போய்க் கரையைக் காணாத அலைபோலத் தடுமாறி, நாற்காலிப் பக்கம் சரிந்தார்.

தியானின் கண்ணில் ஒரு நொடி விளக்கெரிந்தது. அவரும் இந்த நாற்காலிக்கென்றே புதுச் செருப்பு போட்டுக்கொண்டு வந்தவர்தான். ஆனால் அவருடைய முதுகெலும்பும் அதே ஆசானிடம் பயின்றது. நாற்காலியைத் தொடும் முன்னே அது பாம்புபோல் நெளிந்து, சரிவைச் சுழற்சியாக்கி, அவரை நிமிர்த்தி நிறுத்தி, ஜியாவை நாற்காலிக்கு எதிரே கொண்டுவந்துவிட்டது.

"ஆகா!" என்றார்கள் சீடர்கள். "இடுப்பைப் பாருய்யா, இடுப்பை!"

இடுப்பே! பாவி இடுப்பே! எத்தனை மூலிகை எண்ணெய் தேய்த்திருப்பார் உனக்கு! எதிரி தள்ளும்போது காத்தாய், சரி. நண்பன் தள்ளும்போதும், அதுவும் பதவிக்குள் தள்ளும்போதும் காப்பாயோ? வேறு எந்தக் கலையைப் பயின்றிருந்தாலும் இந்நேரம் விழுந்திருப்பாரே! ஆனையின் துதிக்கையும் ஆனையின் துதிக்கையும் பின்னினாற்போல், அகழி நீரும் அகழிக் காற்றும் ஒன்றையொன்று உந்தினாற்போல், இருவரும் நாற்காலியைச் சுற்றிச் சுழன்றார்கள். தள்ளப்பட்டவர் விழ விரும்பினார், விழ முடியவில்லை. தள்ளியவர் தோற்க விரும்பினார், தோற்கவும் முடியவில்லை. புளிக்காடிக் குப்பி கவிழ்ந்தது. கழுதை இறைச்சியின்மேல் கொழுப்பு வெள்ளையாய் உறைந்தது. சுடச்சுட வந்த சூப்பு, வந்த காரணத்தை மறந்து ஆறியது.

சீடர்களில் ஒரே பெண் சூன் மெய்ஃபாங். முன்னாள் பேருந்து நடத்துநர். கூட்டத்தை உள்ளே தள்ளிப் பழகியவர்.

"அண்ணனுங்களா, நான் சர்க்கரை மாத்திரை போட்டுட்டு வந்திருக்கேன்," என்றார். "யாராவது ஒருத்தர் உக்காந்து தொலைங்க. இல்லேன்னா நான் உக்காந்துருவேன்."

"பொறு மெய்ஃபாங். அண்ணனை உக்கார வைக்காம நான் சோத்துல கை வைக்கமாட்டேன்!" என்று சூளுரைத்தார் தியான்.

"அண்ணன் உக்காரலேன்னா இந்த அறையை விட்டு நான் உயிரோட போகமாட்டேன்!" என்று பதில் சூள் உரைத்தார் ஜியா.

"யாருடைய அண்ணன்? ரெண்டு பேரும் அண்ணன்னா தம்பி யாரு, இந்தக் கழுதையா?" என்று மெய்ஃபாங் தட்டைக் காட்டினார்.

சீடர்களின் கைபேசிகள் மேலே உயர்ந்தன. படம் பிடிக்கிறார்கள் என்பதைக் கண்டதும் இரு முதுகுகளும் இன்னும் நிமிர்ந்தன.

அப்போதுதான் ஜியா ஹோங்சாய் எவரும் எண்ணிப் பார்த்திராத ஒரு தியாகத்துக்குத் துணிந்தார். கலையைத் துறப்பதென்று தீர்மானித்தார். தோளை உயர்த்தினார். மூச்சை நெஞ்சுக்கு ஏற்றினார். முழங்காலைப் பூட்டினார். பல்லைக் கடித்தார். முதல் வாரத்தில் சேர்ந்த மாணவன் செய்கிற குற்றங்கள் யாவற்றையும், எந்தக் குற்றத்துக்காகத் தாமே பிறர் முட்டியில் பிரம்பால் தட்டினாரோ அவற்றையெல்லாம், ஒன்று விடாமல் செய்தார். இடுப்பு கெஞ்சியது, கேட்கவில்லை. அவர் இப்போது கட்டை, வெறும் மரக்கட்டை. முன்னால் சாய்ந்து, விறைத்து, தியானின் கையை முட்டிக்கொண்டு நின்றார். கட்டையைத் தள்ளினால் கட்டை விழும். விழும் இடத்தில் நாற்காலி இருந்தது.

தள்ளு தம்பி, என்று மனத்துக்குள் இறைஞ்சினார். ஒரே ஒரு தடவை நல்லாத் தள்ளு.

தியானும் தள்ளத்தான் நினைத்தார். களைத்துவிட்டார், பசித்தது, இவனே உட்கார்ந்து தொலையட்டும் என்றுகூட ஒரு கணம் அவருக்குத் தோன்றியது. ஆனால் தோலால் செவிமடுக்கும் அவருடைய உள்ளங்கை அந்த விறைப்பைக் கேட்டுவிட்டது. விறைத்தவனைத் தள்ளுவது மூடத்தனம், அவன் சாய்கிற பக்கமே அவனை அழைத்துப் போ என்று ஆசான் அந்தக் கைக்குச் சொல்லியிருந்தார். கை தியானைக் கேட்கவில்லை. அது ஜியாவின் மணிக்கட்டை மெல்லப் பற்றி, பின்வாங்கி, இழுத்தது.

மலை பெயர்ந்தது! மேரு நடந்தது! விறைத்த காலோடு, உயர்ந்த தோளோடு, உள்ளேயே சிக்கிக்கொண்ட பெருமூச்சோடு, வீரர்க்கு வீரர் ஜியா ஹோங்சாய், கடலில் நங்கூரம் அறுந்த கப்பல்போல் மேசையை அரைவட்டம் சுற்றிப் பாய்ந்து, இழுத்தவரையும் கூடவே வாரிக்கொண்டு, அறையின் மறுகோடியில் வாசல் நிலையில் மோதி நின்றார்.

சீடர்கள் கைதட்டினார்கள். இப்படியொரு இழுப்பைக் குவோ ஆசானின் காலத்துக்குப் பிறகு கண்டதில்லை என்றார் ஒருவர். அந்த விறைப்பு வேண்டுமென்றே விரித்த வலை, உள்ளே ஆழமான சூட்சுமம் இருக்கிறது என்றார் மற்றொருவர். மெய்ஃபாங் ஒரு வேர்க்கடலையை எடுத்து யாரும் பார்க்காமல் வாயில் போட்டுக்கொண்டார்.

மணிக்கட்டோடு மணிக்கட்டு கோத்தபடி, இரு அண்ணன்மாரும் மூச்சுவாங்கிக்கொண்டு அறையின் அந்தக் கோடியைப் பார்த்தார்கள். அந்த அறையில் நாற்காலிக்கு மிகத் தொலைவான இடத்தில் நின்றவர்கள் இப்போது அவர்கள் இருவர்தான்.

ஈரக் கையை இடுப்பில் கட்டிய துணியில் துடைத்தபடி பரிமாறும் பெண் உள்ளே வந்தாள். அவர்கள் இருவருக்கும் நடுவே புகுந்து, நின்றுகொண்டிருந்த கூட்டத்தை விலக்கிக்கொண்டு நடந்து, வாசலைப் பார்த்த நாற்காலியின் முதுகில் கை வைத்தாள்.

"இது யாருக்காவது வேணுமா? பக்கத்து ரூம்ல ஒண்ணு குறையுது."