உலக்கை அண்ணாச்சி வாடகைக்கு விட்ட ஒரே வீடு

திருநெல்வேலி டவுனில் வீட்டுத் தரகர்கள் பல பேர் இருந்தார்கள். ஒரு வீட்டைக்கூட யாருக்கும் பிடித்துக் கொடுக்காமலே தாமிரபரணிக்கு இக்கரையிலும் அக்கரையிலும் பெயர் வாங்கிய தரகர் உலக்கை அண்ணாச்சி ஒருவர்தான். அவருக்குத் தாய் தகப்பன் வைத்த பெயர் எனக்குத் தெரியாது. ஒரு தடவை அவரிடமே கேட்டேன். "அதுக்கு இப்ப என்ன அவசரம்வே?" என்றார்.

நான் சொல்வது ஐரோப்பிய யுத்தம் தொடங்குவதற்கு முந்திய காலம். மற்றத் தரகர்கள் குடையும் கையுமாக வருவார்கள். இவர் தோளில் பூண் போட்ட கருங்காலி உலக்கையோடு வருவார். வீடு பார்க்க வந்தவர் கூடத்தையும் கிணற்றையும் பார்த்துக்கொண்டிருக்கும்போது, இவர் விறுவிறுவென்று மச்சுக்கு ஏறிப் போய்த் தரையில் ஒரு குத்து விடுவார். பிறகு இறங்கி வந்து அறைக்கு ஓர் ஆளாக நிறுத்திவைத்து, மறுபடியும் ஏறிப் போய்க் குத்துவார். யாருக்கு எவ்வளவு கேட்டது என்று விசாரிப்பார். சுவரில் காதை வைப்பார், தூணைக் கட்டிக்கொள்வார், படியில் குப்புறப் படுப்பார். கடைசியில் வேட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டு எழுந்து தீர்ப்பு சொல்வார்.

சத்தத்தில் காற்றில் வருவது ஒரு ரகம், கட்டடத்தில் வருவது இன்னொரு ரகம் என்பது அவருடைய சித்தாந்தம். காற்றில் வருவதைக் கதவைச் சாத்தித் தடுத்துவிடலாம். கட்டடத்தில் வருவதோ சுவருக்குள் புகுந்து, தூணில் இறங்கி, கட்டில் கால் வழியாக ஏறித் தலையணைக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். அதை முன்கூட்டியே சொல்ல அவர் ஓர் அளவும் வைத்திருந்தார். ஆகக் குறைந்தது வெற்றிலை உரல். அதற்கு மேல் அம்மி, ஆட்டுரல், நெல் குத்துகிற உரல், எல்லாவற்றுக்கும் மேலே செக்கு. "தெக்கு அறையில அம்மி, அடுப்படியில ஆட்டுரல், வாசல்ல வெத்திலை உரல்" என்று அவர் அடுக்குவதைக் கேட்டால் கல்யாண வீட்டில் சீர்ச் சாமான் வாசிப்பதாகத்தான் நினைக்கத் தோன்றும்.

சொன்னது அப்படியே பலிக்கும். அதுதான் அவர் தொழிலுக்கு வந்த கேடு. ஒரு வக்கீலுக்குச் சன்னதித் தெருவில் வீடு காட்டினார். காற்றும் வெளிச்சமுமான வீடு, வக்கீலுக்குப் பிடித்துவிட்டது. வீட்டுக்காரர் வெற்றிலைத் தட்டை நீட்டுகிற நேரத்தில் அண்ணாச்சி சுவரிலிருந்து காதை எடுத்தார்.

"ஐயா, அடுத்த வீட்டு அம்மி இந்தப் பொதுச் சுவரை ஒட்டிக் கிடக்கு. நீங்க இங்கன தலை வச்சுப் படுத்தா, அவிய துவையல் அரைக்கது உங்க மண்டைக்குள்ளதான்."

"என்ன துவையல்னும் சொல்லிருவீரோ?" என்று வக்கீல் சிரித்தார்.

"நான் எதுக்குச் சொல்லணும்? தேங்காயா பருப்பான்னு ரெண்டு நாள்ல நீங்களே சொல்லிருவிய."

வக்கீல் வேறு தெருவுக்குப் போய்விட்டார். அண்ணாச்சி இனி அந்தத் தெருவிலேயே கால் வைக்கக் கூடாது என்றார் வீட்டுக்காரர். இன்னொரு சமயம் ஒரு வாத்தியார், மச்சில் தையற்காரர் குடியிருக்கும் வீட்டின் கீழ்ப்பகுதியைக் கேட்டு வந்தார். சத்தம் வந்தால் வரட்டும், பரவாயில்லை என்று அவரே சொன்னார். அண்ணாச்சி சாவியை மடியில் முடிந்துகொண்டு, "தெரிஞ்சுகிட்டே உம்மை உரலுக்குள்ள போட முடியாதுவே" என்று மறுத்துவிட்டார். கல்யாண வீடுகளிலும் அவர் தொல்லை உண்டு. பலகை மேடையில் தவில்காரரை உட்கார வைத்தால் மாப்பிள்ளை அறையில் செக்கு ஓடும் என்று சொல்லி, அந்தப் பெரிய வித்துவானை எழுப்பி மணலில் உட்கார வைத்தார். வித்துவான் சாப்பிடாமலே ஊருக்குப் போய்விட்டார்.

இப்படிப்பட்டவரிடம் போய் எங்கள் அச்சாபீஸ் மாட்டிக்கொண்டது. அங்கே நான் அச்சுக் கோப்பவன், புரூப் பார்ப்பவன், வருகிறவர்களிடம் சண்டை போடுபவன், மூன்றும். இருந்த இடத்தை வீட்டுக்காரர் தன் மகனுடைய அரிசிக் கடைக்கு வேண்டும் என்று கேட்டுவிட்டார். அச்சாபீஸ் என்றாலே ஊரில் எவனும் வீடு தரமாட்டான். எங்களிடம் இருந்தது காலால் மிதித்து ஓட்டுகிற ஒரே ஒரு டிரெடில் மிஷின். அதற்கே அந்தப் பயம். தை முகூர்த்தத்துக்குள் இடம் கிடைக்காவிட்டால் மிஷினைத் தூத்துக்குடிக்காரருக்கு விற்றுவிடுவதாக முதலாளி மூக்குப் பொடியைப் போட்டுக்கொண்டு சொன்னார். அதற்குப் பிறகு நானும் மிஷின் மிதிக்கிற சுடலைமுத்துவும் சோற்றுக்கு என்ன செய்வது என்று அவர் சொல்லவில்லை. மற்றத் தரகர்கள் எல்லாரும் கையை விரித்தபிறகு, வேறு வழியில்லாமல் அண்ணாச்சிக்கு ஆள் விட்டோம்.

வந்தவர் மிஷினை ஓட்டச் சொல்லி அதன் கழுத்தில் கையை வைத்துக்கொண்டு கண்ணை மூடினார்.

"மிசினு எங்கன வச்சாலும் அதே மிசினுதான்வே. தரைதான் வேற. இங்க கல்தளம், அதான் சாதுவா நிக்கி. இதையே பலகை மச்சுல நடுவுல வச்சா மச்சு முழுக்கத் தவிலாயிரும்."

"அப்ப மச்சு வேண்டாமா அண்ணாச்சி?" என்றார் முதலாளி.

"எந்த மச்சு, எந்த இடம்னு பாக்கணும். பைய இரும்."

அவர் பிடித்துக்கொண்டு வந்தது வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு தாசில்தாரின் மச்சு. தாசில்தார் கீழே குடியிருந்தார். அவர் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று. தம் வீட்டம்மாள் காதில் மிஷின் சத்தம் விழுந்தால் மறுநாளே காலி செய்ய வேண்டும். அண்ணாச்சி அன்று பூராவும் குத்தினார். கூடத்தில் நான் நின்றேன், அடுப்படி வாசலில் சுடலைமுத்து நின்றான். உள்ளறைக்குள் அந்நிய ஆண்பிள்ளை போகக் கூடாது என்பதால், அங்கே வீட்டம்மாளே நின்று கேட்டதைக் கதவு மறைவிலிருந்து தாசில்தாரிடம் சொல்ல, அவர் உத்தியோக தோரணையில் அதை மேலே அறிவித்தார்.

தீர்ப்பு வந்தது. "மேக்குச் சுவரை ஒட்டி, பெரிய உத்திரம் சுவருக்குள்ள போற இடத்துல மிசினை வையுங்க. அங்கன பலகை துள்ளாது. கூடத்துல வெத்திலை உரல். அடுப்படியில ஒண்ணுமில்லை. உள்ளறையில நிக்கவங்க காலுக்கு அரை வெத்திலை உரல்."

ஆறு பேர் கயிறு கட்டி, ஊரில் பாதிப் பேரைத் திட்டிக்கொண்டே மிஷினை ஏற்றினார்கள். சுடலைமுத்து மிதித்தான். தாசில்தார் கூடத்தில் நின்று, "கேக்குதா?" என்று உள்ளே பார்த்துக் கேட்டார். "எது?" என்று பதில் வந்தது. அண்ணாச்சி படியில் உட்கார்ந்து முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். அவர் பிடித்துக் கொடுத்த முதல் வீடு அது. அதற்குப்பின் தினமும் ஒரு தடவை வந்து, தன் பெண்ணைக் கட்டிக் கொடுத்த வீட்டைப் பார்ப்பதுபோல எட்டிப் பார்த்துவிட்டுப் போவார்.

சில மாதங்களில் தாசில்தாரின் மகள் தலைப்பிரசவத்துக்கு வந்தாள். ஆண் குழந்தை. குழந்தையைத் தொட்டிலில் போட்ட மூன்றாம் நாள் கல்கண்டு வாங்கிக்கொண்டு போன அண்ணாச்சி, கூடத்திலிருந்தே உள்ளறையைப் பார்த்தார். பார்த்தவர் கல்கண்டைக் கொடுக்காமல் அப்படியே மச்சுக்கு ஓடி வந்தார்.

"வே, கெட்டுது. தொட்டிலை உத்திரத்து வளையத்துல கட்டியிருக்காங்க. இந்த மிசினு நிக்கிற அதே உத்திரம்."

"அதனால என்ன?" என்றேன்.

"நான் தரையில நிக்கவங்க காலுக்குக் கணக்குப் பாத்தேன். பிள்ளை தரையிலயா கிடக்கு? கூரையிலல்லா தொங்குது. மிசினு ஆட்டுத ஆட்டு முழுக்கக் கயித்து வழியா நேரே பிள்ளைக்கு இறங்கும். ஆட்டுரல்வே அது. பச்சைப் பிள்ளை ஆட்டுரலுக்குள்ள கிடக்கு."

கீழேயிருந்து யாரும் குறை சொல்லவில்லையே என்றேன். பெரிய மனிதர்கள், வெளியில் சொல்லாமல் பொறுத்துக்கொண்டிருக்கிறார்கள் என்றார். அன்று சாயங்காலம் தாசில்தாரிடமே, "பிள்ளை தூங்குதா?" என்று விசாரித்தார். "என்னமோ தூங்குது" என்றார் தாசில்தார். அந்த 'என்னமோ'வில் அண்ணாச்சிக்கு வீடே போய்விட்டது. தாம் வாழ்நாளில் விட்ட ஒரே வீடு காலியாகப் போகிறது, எங்கள் பிழைப்பும் அதோடு போகிறது என்று அவருக்கு நிச்சயமாகிவிட்டது.

மறுநாள் கடைத்தெருவில் இருந்த பிரிமணைகளை எல்லாம் வாரிக்கொண்டு வந்தார். பானை உருளாமல் இருக்க அடியில் வைப்போமே, அந்த வைக்கோல் பிரிமணைதான். மிஷினின் நான்கு காலுக்கும் அடுக்கடுக்காகக் கொடுத்தார். மிஷின் அசைபோடும் எருமையாக ஆடிக்கொண்டே ஓடியது. முதலில் அடித்த கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளை பெயர் இரண்டு தடவை விழுந்தது. பெண் வீட்டார் வந்து ஒரு பெண்ணுக்கு எத்தனை மாப்பிள்ளை என்று கேட்டார்கள். அண்ணாச்சி அதையெல்லாம் காதில் வாங்கவில்லை. உத்திரத்தின் மேல் காதை வைத்துப் படுத்திருந்தார். "செத்துட்டுவே, சத்தம் செத்துட்டு" என்று சொல்லிச் சிரித்தார்.

அப்போதுதான் கீழே குழந்தை அழ ஆரம்பித்தது. சாதாரண அழுகை இல்லை; கோயில் யானை காது கொடுத்துக் கேட்டிருக்கும். தாசில்தார் படியேறி வந்தார்.

"மிசினை ஏன் நிப்பாட்டினிய?"

"நிப்பாட்டலையே. ஓடிக்கிட்டுத்தானே இருக்கு" என்றேன்.

"கீழ ஒரு அசைவையும் காணோமே. பிள்ளை கண்ணசருததே அந்த மிசினு ஆட்டத்துலதான்வே. பெத்தவ உடம்பு கிடக்கிற கிடப்புல, அது தூங்கினாத்தான் அவளுக்கு ஒரு கண் உறக்கம். நாலு நாளாத்தான் அவ முகத்துல தெளிச்சியைப் பாக்கோம். நீங்க இப்படிச் செஞ்சா வீட்டைக் காலி பண்ணிரும்."

பிரிமணைகளை உருவி எறிந்தோம். மிஷின் பழையபடி தடதடத்தது. கீழே அழுகை தேய்ந்து நின்றது. அண்ணாச்சி மட்டும் நம்ப மறுத்தார். தொட்டில் கயிற்றைத் தொட்டுப் பார்க்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். "வரச் சொல்லுங்க" என்று வீட்டம்மாள் குரல் கொடுத்தாள். முதல் தடவையாக உள்ளறைக்குள் போன அண்ணாச்சி, கயிற்றை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு வெகு நேரம் நின்றார்.

"நான் சொன்ன அதே ஆட்டுரல்தான். அணு பிசகலை. கணக்குப்படி இந்தப் பிள்ளை அழணும்."

"கணக்குப் படிச்ச பெறகு அழும், அண்ணாச்சி. இப்பத் தூங்கட்டும்" என்றாள் வீட்டம்மாள்.

நிபந்தனை மாறியது. குழந்தை தூங்கும் வேளையில் மிஷின் ஓடாவிட்டால் நாங்கள் காலி செய்ய வேண்டும். அச்சடிக்க வேலை இல்லாத நாளிலும் சுடலைமுத்து வெறும் மிஷினை மிதித்தான். பெற்ற தகப்பன்கூட அவ்வளவு தொட்டில் ஆட்டியிருக்க மாட்டான்.

அந்த ஆனி மாதம் தேரோட்டத்துக்கு ஆபீசைப் பூட்டிச் சாவியைக் கீழே கொடுத்துவிட்டுச் சுடலைமுத்து சீவலப்பேரிக்கு, தன் ஊர்க்காரர்களைக் கூட்டிவரப் போய்விட்டான். நான் வடம் பிடிக்கும் கூட்டத்தில் நின்றுகொண்டிருந்தேன். வேர்வைக்குத் துண்டு எடுத்து வரலாம் என்று ஆபீசுக்குத் திரும்பினால், பூட்டிய மச்சில் மிஷின் ஓடுகிறது. எவனோ திருட்டுத்தனமாக நோட்டீஸ் அடிக்கிறான் என்று பதறி ஏறினேன். உள்ளே காகிதமும் இல்லை, மையும் இல்லை. இடுப்பில் துண்டை வரிந்து கட்டிக்கொண்டு அண்ணாச்சி தன்னந்தனியாக மிதித்துக்கொண்டிருந்தார். ஆயுள் முழுவதும் சத்தத்தை ஊரைவிட்டு விரட்டிக்கொண்டிருந்த மனிதர்.

"தேர் பாக்கப் போகலையா அண்ணாச்சி?"

"பையப் பேசும். தெருவுல கொட்டுச் சத்தத்துக்குப் பிள்ளை முழிச்சிட்டு. தாயும் பிள்ளையும் சேர்ந்து அழுதாங்களாம், வீட்டம்மா ஆள் விட்டா. இப்பத்தான் அடங்கியிருக்கு." கால் மாற்றி மிதித்தார். "எனக்கு முட்டி விட்டுப் போச்சு. நீரு கொஞ்சம் மிதியும்வே."

மிதித்தேன். அவர் பக்கத்தில் பலகையில் காதை வைத்துப் படுத்துக்கொண்டு, நன்றாக ஓடுகிறது என்று கையைக் காட்டினார். அந்த வருஷம் தேர் நிலைக்கு வந்ததை நாங்கள் இரண்டு பேருமே பார்க்கவில்லை. எனக்கு அதில் கொஞ்சமும் வருத்தமில்லை. அந்தக் கிறுக்கு மனிதர் எனக்கு யாருமில்லை. ஆனாலும் அன்று முதல் அவரைச் சொந்த அண்ணனுக்கு மேலாகப் பிடித்துப்போனது.